வீட்டு வாசலில் கடல்: சுவரா, கல்லா, மணல் மூட்டையா?

கேள்வி: "எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறோம். அப்பா கட்டிய வீடு. கடலைப் பார்த்த முகப்பு 30 அடி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாசலுக்கும் கடலுக்கும் நடுவே நாலைந்து கட்டுமரங்களை ஏற்றி வைத்து, வலையும் காயப்போட இடம் இருந்தது. இப்போது காம்பவுண்ட் சுவரிலிருந்து 40 அடிதான். போன மழைக்காலத்தில் அலை சுவரைத் தொட்டுவிட்டுப் போனது. தெரிந்த மேஸ்திரி கான்கிரீட் சுவர் போடலாம் என்கிறார். பத்து லோடு கருங்கல் கொட்டினால் போதும் என்கிறான் மச்சான். மணல் மூட்டை விற்பவர் ஒருவரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். கையில் ஆறு லட்சம் இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பாக அரசு போட்ட தூண்டில் வளைவு ஒன்று உண்டு. எதைச் செய்யலாம்?"

பதில்: மூன்று பேர் சொன்னதையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். போகிற போக்கில் கடைசியில் எழுதினீர்களே, தெற்கே ஒரு தூண்டில் வளைவு என்று, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வாடைக்காற்றுக் காலத்தில் அதில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர். இந்த ஓட்டத்தின் குறுக்கே எதைக் கட்டினாலும் அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பசியோடு நிற்கும். சென்னைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரையை இழந்தது. மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிடும் மணலில் பெரும்பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போயிருக்க வேண்டியது என்று நான் சொல்வதுண்டு. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் பிறந்தவன், அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்தே படியுங்கள்.

ஆக, கடல் புதிதாகக் கோபம் கொண்டு உங்கள் வீட்டுக்கு வரவில்லை. கடல் எடுப்பதை வழக்கம்போல எடுக்கிறது, தெற்கிலிருந்து வர வேண்டிய மணல்தான் வருவதில்லை. சம்பளம் நின்ற வீட்டில் செலவு மட்டும் நடக்கிற மாதிரி. 2000-களில் ராயபுரத்திலிருந்து வடக்கே வரிசையாகத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள், வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் கரை திரும்பவும் வந்தது. ஆனால் வரிசையில் கடைசி வளைவுக்கு வடக்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் மொத்தக் குறையும் விழும். உங்கள் வளைவு கடைசியா, நடுவில் உள்ளதா என்று முதலில் போய்ப் பாருங்கள். நடுவில் என்றால், வடக்கே அடுத்த வளைவு வரை கரை தன்னை வளைத்துக்கொண்டு ஓரளவு நின்றுவிடும். கடைசி என்றால் நிற்காது. ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் தெரிய வேண்டியது இது.

இரண்டாவது, அளக்க வேண்டும். 40 அடி என்கிறீர்கள். எந்த மாதத்து 40 அடி? ஐப்பசி, கார்த்திகையில் கரை சுருங்கும், பங்குனி, சித்திரையில் மணல் கொஞ்சம் திரும்பி ஏறும். கார்த்திகையில் அளந்து பயப்படுகிறவர்களும் சித்திரையில் அளந்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். காம்பவுண்ட் சுவரில் பெயின்ட்டால் ஒரு குறி போடுங்கள். அமாவாசை, பௌர்ணமி அன்று கடலேற்றம் முடிந்ததும் ஈரக்கோடு வரை டேப் பிடியுங்கள். அதே இடத்தில் நின்று போனில் ஒரு படம். இந்த சித்திரையை அடுத்த சித்திரையோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு எத்தனை அடி போகிறது என்பது தெரியும். ஓர் அடி போகிற வீட்டுக்கும் ஆறு அடி போகிற வீட்டுக்கும் ஒரே யோசனை பொருந்தாது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் நாடு முழுக்கக் கரை மாற்றத்தை வரைபடமாக்கி வைத்திருக்கிறது. உங்கள் பகுதிக்கு அதில் என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

சரி, இனி அந்த மூன்று யோசனைகள்.

மேஸ்திரி சொல்லும் கான்கிரீட் சுவர் பார்க்கத் தைரியமாக இருக்கும். நேராக நிற்கும் சுவரில் அலை மோதினால் அதன் வேகம் அழியாது, கீழே இறங்கிச் சுவரின் பாதத்து மணலைத் தோண்டும். மோதுகிற அலை எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு ஆழத்துக்குத் தோண்டும் என்பது கரைக் காப்பு வேலை பார்க்கும் எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு. மேஸ்திரி மூன்று அடி அஸ்திவாரம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு புயலில் அந்த மூன்று அடியும் காற்றில் தொங்கும். அதற்குக் கீழே போகலாம் என்றால் மணலில் தண்ணீர் ஊறி வரும், இறைத்துக்கொண்டே கட்ட வேண்டும். கம்பி விஷயம் தனி. கடலேற்றம் வந்து போகிற இடத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது எம்40 என்ற உறுதியான கான்கிரீட், கம்பியை மூடி 75 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் (கவர்). வீட்டு லின்டலுக்குக் கலக்குகிற கலவையில் இதைக் கட்டினால் சில வருஷத்தில் துரு வெடித்துக் கம்பி பல்லிளிக்கும்.

மச்சானின் கருங்கல் யோசனை அடிப்படையில் தப்பில்லை. சரிவாக அடுக்கிய கல்லுக்குள் அலை நுழைந்து உடைந்து சோர்ந்துபோகும். அளவுதான் தப்பு. மூன்று மீட்டர் உயரம், கடல் பக்கம் ஒன்றுக்கு இரண்டு சரிவு (ஓரடி உயரத்துக்கு இரண்டடி நீளம்), மேலே இரண்டு மீட்டர் அகலம், பாதத்தில் கொஞ்சம் கூடுதல் கல் என்று ஒரு சாதாரணக் கல்சுவரைக் கணக்குப் போட்டேன். உங்கள் 30 அடி முகப்புக்கு மட்டும் 55 முதல் 60 யூனிட் கல் ஆகிறது, எடையில் 250 டன்னுக்கு மேல். பத்து லோடு எந்த மூலைக்கு? இன்னொன்றையும் பாருங்கள். அந்தச் சுவரின் அடி அகலம் எட்டு மீட்டர், அதாவது 26 அடி. கடல் தின்பதற்கு முன் உங்கள் 40 அடியில் 26 அடியைச் சுவரே தின்றுவிடும். அப்புறம் பைபர் படகை எங்கே ஏற்றுவீர்கள்?

கல்லின் எடையையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சுவரடியில் தண்ணீர் ஆழம் எவ்வளவோ அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் உயரமான அலைதான் அங்கே வந்து உடையும். ஒன்றரை மீட்டர் தண்ணீர் என்றால் 1.2 மீட்டர் அலை, அதைத் தாங்க ஏறக்குறைய 300 கிலோ கல் வேண்டும். அலை இரட்டிப்பானால் கல் இரட்டிப்பாக இருந்தால் போதாது, எட்டு மடங்கு வேண்டும். லாரியில் வரும் 40, 50 கிலோ கல்லைப் புயல் அலை உங்கள் வீட்டுச் சுவர் மேலேயே திருப்பி எறியும்.

இந்த இடத்தில் என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்சுவர் வேலைக்கு மேற்பார்வை பார்த்தேன். கல் நல்ல கல், எடையும் சரி. அடியில் விரிக்க வேண்டிய வடிகட்டித் துணியையும் சிறு ஜல்லி அடுக்கையும் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். முதல் மழைக்காலத்திலேயே கல் இடுக்கு வழியாக மணல் உறிஞ்சப்பட்டு, சுவர் ஓரிடத்தில் ஆள் உயரம் உட்கார்ந்துவிட்டது. மேலே ஒரு கல்கூட உருளவில்லை, அப்படியே புதைந்துபோனது. அதனால் யாராவது கல்சுவர் என்று வந்தால், மேலே என்ன போடுவீர்கள் என்று கேட்காதீர்கள், கீழே என்ன விரிப்பீர்கள் என்று கேளுங்கள்.

மணல் மூட்டைக்காரரிடம் இரண்டு கேள்வி போதும். துணி என்ன, மணல் எங்கிருந்து? சிமெண்ட் சாக்கு மாதிரி நெய்த பை வெயிலில் சில மாதத்தில் நூல் நூலாகப் பிரியும். இதற்கென்றே செய்த தடித்த துணி பல வருஷம் தாங்கும், ஆனால் ஒவ்வொரு பையும் டன் கணக்கில் இருக்க வேண்டும். ஆள் தூக்குகிற பையை அலையும் தூக்கும். நங்கூரமோ, படகின் அடிக்கட்டையோ ஒரு கிழி கிழித்தால் அந்தப் பை காலி. மணலைக் கரையிலிருந்தே அள்ளிக்கொள்ளலாம் என்று சொன்னாரானால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம், போதாக்குறைக்கு நீங்கள் காப்பாற்ற நினைக்கிற கரையே அதுதான். அரசு செய்யும் பெரிய வேலைகளில் இதே துணி நன்றாக உழைக்கிறது. ஒடிசாவில் பெந்தா கிராமத்தில் அந்தத் துணியில் மணல் நிரப்பிய பெரிய குழாய்களை அடுக்கிக் கரையைக் காத்திருக்கிறார்கள். நம் பக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கடலூர் பெரியகுப்பம் கிராமத்தில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அவற்றைக் கடலுக்குள்ளேயே மூழ்கவைத்து அலையின் வேகத்தைக் குறைத்தது. ஒரு வீட்டு வாசலில் அது முடிகிற காரியமல்ல.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. நீங்கள் மட்டும் 30 அடிக்குத் தடுப்பு போட்டால் கடல் இரண்டு ஓரத்திலும் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். உங்கள் சுவர் முனையில் அரிப்பு அதிகமாகி வடக்கு வீட்டுக்காரர் நிலம் முதலில் போகும். அவர் பெரும்பாலும் உங்கள் சித்தப்பாவோ பெரியம்மா மகனோதான். மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. தவிர, கடலேற்றம் எட்டுகிற உயரலைக் கோட்டை ஒட்டிக் கடல்நீரின் போக்கை மாற்றுகிற எந்த வேலையும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் வருகிறது. அரிப்புத் தடுப்பு வேலைக்கு அதில் இடம் உண்டு, ஆனால் அனுமதியோடுதான்.

அப்படியானால் ஆறு லட்சத்தை என்ன செய்வது? கடலை நோக்கிச் செலவழிக்காதீர்கள், வீட்டை நோக்கிச் செலவழியுங்கள்.

முதலில் தண்ணீர்ப் போக்கு. மொட்டை மாடிக் குழாயும் குளியலறைத் தண்ணீரும் கடல் பக்கம்தானே விழுகிறது? குப்பத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். நல்ல மழை நாளில் அந்தக் குழாயே மணல் மேட்டை வாய்க்காலாக அறுத்து அலைக்கு வழி காட்டும். எல்லாவற்றையும் தெருப் பக்கம் திருப்புங்கள். செப்டிக் டேங்க் கடல் பக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். கரை இறங்கும்போது முதலில் வெளியே தெரிவது அதுதான்.

அடுத்து அஸ்திவாரம். அப்பா காலத்துச் செங்கல் அஸ்திவாரம் மணலில் நாலு அடிக்கு மேல் போயிருக்காது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து கடல் பக்கத்து இரண்டு மூலைகளிலும் குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அடியில் பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கிப் பலப்படுத்தலாம். ஏற்கெனவே இருக்கிற வீட்டைப் பழுது பார்ப்பதுதான் என்றாலும் மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் பணத்தில் பெரும்பங்கு போக வேண்டியது இதற்குத்தான். காம்பவுண்ட் சுவர் போனால் போகட்டும், அது மறுபடி கட்டக்கூடியது.

மீதிக்கு, வாசல் மணலில் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பரவ விடுங்கள். சங்கப் பாட்டில் நெய்தல் நிலம் வந்தால் அடும்பங்கொடியும் கூடவே வரும், அவ்வளவு பழைய காவலாளி. காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து மேடாக்கும். குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டினால் இன்னும் கொஞ்சம் சேரும். புயல் அலையை இது நிறுத்தாது. நல்ல மாதங்களில் சேர்த்துக் கொடுக்கிற ஓர் அடி மணல், கார்த்திகையில் அலை தின்பதற்கு முதல் கவளம், அவ்வளவுதான். சவுக்கு நடலாமா என்று பலர் கேட்கிறார்கள். காற்றுக்கு நல்லது. அலை வேரைத் தொட்டால் சாய்ந்துவிடும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முகத்துவாரத்து ஓரம் வீடு உள்ள யாராவது கல்லுக்கு அலைய வேண்டாம். அங்கே அலை இல்லை, ஓட்டம்தான். சேற்றில் வெண்கண்டல் போன்ற அலையாத்தி மரங்கள் வளரட்டும்.

கரையைக் காப்பாற்றும் வேலை தனியாள் வேலை இல்லை. தெரு முழுக்கச் சேர்ந்து, ஊர்ப் பஞ்சாயத்து வழியாக நீர்வளத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். "எங்களுக்கும் ஒரு தூண்டில் வளைவு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது வந்தால் உங்களுக்கு வடக்கே இருக்கிற குப்பம் அடுத்த வருஷம் இதே மனுவை எழுதும். தெற்கே சேர்ந்து கிடக்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டித் தாருங்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். செலவு பிடிக்கிற வேலை, ஒருமுறை செய்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆனாலும் நோய்க்கு நேரான மருந்து அது ஒன்றுதான். மனுவோடு உங்கள் அளவுக் குறிப்பையும் படங்களையும் வையுங்கள். தேதி போட்ட டேப் அளவு இருக்கிற மனுவை அதிகாரிகள் இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பார்கள், நானே அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் எடுத்துப் படியுங்கள். 2021 முதல் எல்லா நிறுவனங்களும் தருகிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் வருகிறது. நிலம் இறங்கிப் போவதும் வருகிறது, ஆனால் அதற்குக் கீழே கடலோர அரிப்பால் இறங்கினால் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். அதனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வீட்டை நாலு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். புயலில் சேதமானால், அது அந்தப் புயலால் ஆனது என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தப் படங்கள்தான்.