மணல் காசு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு ஷிகொகு தீவுக்குப் போயிருந்தோம். ககாவா மாகாணத்தின் கனோன்ஜி ஊரில், கோட்டோஹிகி பூங்காவில் கடற்கரை மணலில் தோண்டியிருக்கும் பெரிய காசைப் பார்த்தோம். 1633இல் இகோமா தகாதோஷி என்ற பிரபு வந்தபோது, அவரை வரவேற்க மக்கள் ஒரே இரவில் செய்தது என்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை மணலைத் திரும்பவும் ஒழுங்குபடுத்துகிறார்களாம். அப்படியென்றால் நாங்கள் பார்த்தது போன மாதத்து மணல்தானே? கீழே இறங்கிப் போனால் வெறும் மேடும் பள்ளமும்தான். இதை வரலாற்றுச் சின்னம் என்பது சுற்றுலாவுக்காகச் சொல்வதோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 1633. அதில் எனக்கும் சந்தேகம் உண்டு. மணலில் இருப்பது கான்எய் சூஹோ என்ற செப்புக்காசு. நடுவில் சதுர ஓட்டை, அதைச் சுற்றி நாலு எழுத்து. ஷோகன் அரசு, அதாவது அன்று ஜப்பானை ஆண்ட ராணுவ அரசு, நாணயச்சாலைகள் திறந்து இதை வார்க்கத் தொடங்கியது 1636இல். அதாவது கதை சொல்லும் ஆண்டுக்கு மூன்று வருஷம் கழித்து. மீதோ நகரத்தில் 1626இலேயே ஒரு வணிகர் இதே காசைக் கொஞ்சம் வார்த்திருக்கிறார், உண்மைதான். ஆனால் மீதோ இருப்பது இன்றைய டோக்கியோவுக்கும் வடகிழக்கே. அங்கே வார்த்த காசு ஏழே வருஷத்தில் ஷிகொகுவின் ஒரு கடலோர ஊருக்கு அவ்வளவு பழகியிருக்கும் என்று நம்புவது கஷ்டம்.

ஆனாலும் கதையை முழுசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் அந்த இகோமா. 1,70,000 கொக்குவுக்கு (கொக்கு என்பது அரிசிக்கான பழைய ஜப்பானிய அளவு) மேல் அரிசி விளையும் நாடு அவருடையது. அவருடைய ஆட்களுக்குள் மூண்ட சண்டையால் 1640இல் அதைப் பறிகொடுத்தார். வடக்கே யாஷிமா என்ற இடத்தில் வெறும் 10,000 கொக்கு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வேறு வேறு குடும்பங்கள் இந்தப் பகுதியை ஆண்டன. ஆட்சியாளரைக் குளிரவைக்கப் பிற்காலத்தில் கட்டிய கதை என்றால், பதவியில் இருந்த பிரபுவின் பெயரையல்லவா போட்டிருப்பார்கள்? வீழ்ந்துபோன ஒருவரின் பெயரை ஊர் விடாமல் வைத்திருக்கிறது. அதில் ஏதோ ஒரு பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அப்புறம் அந்த 'போன மாதத்து மணல்'. இங்கே உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசு இருக்கும் அரியாகே கடற்கரை மணலை நீங்களே மிதித்திருப்பீர்கள். காற்றுக்கு நகரும், மழைக்குச் சரியும். பள்ளங்கள் சுமார் 2 மீட்டர் ஆழம். மேலே இருக்கும் எழுத்தைக் கவனித்தீர்களா? அதில் கோடுகள் நெருக்கம். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே விட்ட மேடு சரிந்தால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும், எழுத்தே மாறிப்போகும். யாரும் கை வைக்காமல் விட்டால் ஓரங்கள் மழுங்கி, புல் முளைத்து, சில வருஷத்தில் சாதாரணக் கடற்கரை ஆகிவிடும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் நூற்றுக்கணக்கில் மண்வெட்டியோடு இறங்கி, சரிந்ததை அள்ளி மேட்டில் ஏற்றுகிறார்கள். 1633க்கு நம்மிடம் இருப்பது கதை மட்டும். இந்த உழைப்பு கண்ணெதிரே நடக்கிறது. இந்தச் சின்னத்தில் நான் மதிப்பது இதைத்தான். கல்லில் செதுக்கியிருந்தால் ஊர் இதை எப்போதோ மறந்திருக்கும்.

இதைச் சுற்றிச் சுற்றுலா இருக்கிறது, மறுக்கவில்லை. ஒருமுறை பார்த்தால் ஆயுள் நீளும், பணக்கஷ்டம் வராது என்று சொல்லித்தான் அழைக்கிறார்கள். ஆனால் இந்தக் காசு 1953 வரை ஜப்பானில் சட்டப்படி செல்லுபடியானது. பல தலைமுறை இந்த மணலைத் தோண்டியவர்களுக்கு இது அருங்காட்சியகப் பொருளே கிடையாது, கையில் புழங்கிய சில்லறையின் உருவம்.

கீழே வெறும் மேடு பள்ளமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை, இது குன்றின் மேல் நிற்கும் கண்ணுக்காகப் போட்ட படம். கிழக்கு மேற்காக 122 மீட்டர், வடக்கு தெற்காக 90 மீட்டர். அதாவது உண்மையில் இது வட்டமே இல்லை, முட்டை வடிவம். கிழக்கே இருக்கும் குன்றிலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது நீளம் சுருங்கி, கிட்டத்தட்ட வட்டக் காசாகத் தெரிகிறது. முதலில் இதை வரைந்தவர் யாராக இருந்தாலும், மணலில் நின்றபடியே மேலிருந்து எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். 345 மீட்டர் சுற்றளவில் அதைச் சாதித்தவரை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

இன்னொரு முறை போனால் மாலையில் மேலே ஏறுங்கள். சூரியன் கடல் பக்கம் தாழும்போது பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். ஷிகொகுவின் 88 கோயில் யாத்திரையில் 68ஆவதும் 69ஆவதும் ஒரே வளாகத்தில், அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே இருக்கின்றன. பகலில் அங்கே போய்விட்டு ஏறலாம். முடிந்தால் மணல் அள்ளும் நாளாகப் பார்த்துப் போங்கள். தேதியை நகராட்சியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா