கத்தரிக்காய் விலையும் வாழ்க்கைத் தரமும்

அன்புள்ள ஐயா,

முதுமை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் அம்மாவுக்கு வயது 79. நான்கு ஆண்டுகளாக டிமென்ஷியா என்கிற மறதி நோய். சென்ற வாரம் ஒரு கூட்டத்தில், டிமென்ஷியா உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் பற்றிய ஆய்வுகளைக் குறித்துப் பேசினார்கள். நோயாளியிடமே கேட்டு மதிப்பெண் போடுகிறார்களாம். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று தெரியாதவரிடம் ‘உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது’ என்று கேட்டு எழுதிக்கொள்வது ஆய்வா? அந்தப் பணத்தை மருந்து கண்டுபிடிக்கச் செலவிடலாமே?

அம்மாவை நாங்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறோம். மூளைக்குப் பயிற்சியாகத் தினமும் காலையில் இன்று என்ன கிழமை, முதலமைச்சர் யார், நான் யார் என்று கேட்போம். சரியாகச் சொன்னால்தான் காப்பி என்று விளையாட்டாகச் சொல்வதும் உண்டு. மற்ற நேரமெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். காய்கறி வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஒரே கத்தரிக்காய்க்கு மூன்று முறை விலை கேட்பார். ‘அநியாய விலை’ என்பார். வாங்க மாட்டார். எங்களுக்குத்தான் சங்கடம். இரவில் கத்துவதால் மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கிறோம். உண்மையைச் சொன்னால், எங்களைப் பொறுத்தவரை அம்மா எப்போதோ போய்விட்டார். உடம்புதான் இருக்கிறது.

பகல் நேரப் பராமரிப்பு மையத்தில் சேர்க்கலாமா? என் மனைவி சேர்க்கச் சொல்கிறாள். வல்லாரை பயன் தருமா என்பதையும் எழுதுங்கள்.

எஸ்.,
மேற்கு மாம்பலம்

*

அன்புள்ள எஸ்.,

இந்த ஆய்வுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே குறிப்பெடுத்து வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு எழுத்து ஓடும்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், வேறெதையும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மருந்து ஆராய்ச்சிக்குப் பணம் போகவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? பெரும்பணம் அங்கேதான் போகிறது. டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், தன் நோயாளியின் மூளையில் கண்டதை மற்ற மருத்துவர்களிடம் விவரித்தது 1906-ல். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமேப் என்கிற மருந்து, நோய் முற்றும் வேகத்தை ஒன்றரை ஆண்டில் 27 சதவீதம் குறைத்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது அரைப்புள்ளிக்கும் குறைவு. அதுவும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களிடம் மட்டும் சோதித்தது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. குணமாக்கும் மருந்து வருகிறவரை இவர்களுக்கெல்லாம் சாயங்காலம் எப்படிக் கழிய வேண்டும்? நீங்கள் வீண் என்று சொன்ன ஆய்வுகள் கேட்பது அதைத்தான்.

அந்தக் கேள்வித்தாளை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அதிகம் பயன்படுவது 1999-ல் ரெபெக்கா லாக்ஸ்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வெளியிட்டது. மொத்தம் 13 விஷயங்கள். உடம்பு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது, குடும்பம், சிநேகிதர்கள், வீட்டு வேலை செய்ய முடிகிறதா, பிடித்ததைச் செய்ய முடிகிறதா, பணம், எல்லாம் சேர்த்து வாழ்க்கை எப்படி. மோசம், சுமார், நன்று, மிக நன்று என்று நான்கே பதில்கள். இட்லியா தோசையா என்று அதில் எங்கும் கேட்கவில்லை. நினைவுத் தேர்வில் 30-க்கு 10-க்கு மேல் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இதற்கு நம்பத்தகுந்த பதில் சொல்கிறார்கள். தலைவலி இருக்கிறதா என்று கேட்டால் அம்மா பதில் சொல்வார்தானே? அதற்கு நேற்றைய நினைவு எதற்கு?

அதே கேள்விகளைப் பராமரிப்பவரிடமும் கேட்பார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நோயாளி தனக்குப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண் பெரும்பாலும் கூடுதலாகவும், பார்த்துக்கொள்பவர் அவருக்குப் போடுவது குறைவாகவும் வருகிறது. பல நாடுகளில், பல கேள்வித்தாள்களில் திரும்பத் திரும்ப இதே கதை. ‘அவருக்குத் தன் நிலைமை புரியவில்லை’ என்று நீங்கள் சொல்வீர்கள். ஆய்வாளர்களும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் பார்த்துக்கொள்பவர் எவ்வளவு களைத்திருக்கிறாரோ அவ்வளவு குறைவாக அவர் மதிப்பெண் போடுகிறார் என்பது தெரியவந்தது. தன் அலுப்பையும் சேர்த்துத்தான் அவர் அளக்கிறார். இன்னொன்று: நினைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உறவு சொற்பம். 2018-ல் ஏறத்தாழ இருநூறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நல்ல உறவுகளும் நாலு பேரோடு கலந்திருப்பதும் வாழ்க்கைத் தரத்தோடு சேர்ந்து ஏறின. மனச்சோர்வு ஏற ஏற அது இறங்கியது. பார்த்துக்கொள்பவரின் நலமும் கணக்கில் வந்தது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கடிதம் முழுக்க ‘நாங்கள், நாங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். குளிப்பாட்டுவது யார்? புடவை மாற்றிவிடுவது யார்? ராத்திரி கத்தினால் எழுந்து போவது யார்? மையத்தில் சேர்க்கச் சொல்வது உங்கள் மனைவி என்பதிலிருந்தே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் இந்த ஆய்வில் சேர்த்திதான்.

சரி, காப்பிக்கு வருகிறேன்.

என் பெரியப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். வீடு அயனாவரத்தில். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து இந்த நோய் வந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், ஒருவர் பாக்கியில்லாமல், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்கள். ‘என்னைத் தெரியுதா?’ பெரியப்பா கௌரவமான மனிதர். ‘தெரியாம என்ன, வாங்க வாங்க’ என்பார். அத்தோடு விட்டுவிட வேண்டியதுதானே? ‘அப்ப பேர் சொல்லுங்க பாப்போம்!’ அவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்ப்பார். பெரியம்மா வாயெடுத்தால், ‘நீங்க சொல்லக் கூடாது, அவர் சொல்லட்டும்’ என்று அதட்டல் வேறு. வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடும் பேரப்பிள்ளைகளும் இதையே கேட்டார்கள். சொல்ல முடியாமல் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இவர்களும் சிரிப்பார்கள்.

கொஞ்ச நாளில் காலிங் பெல் அடித்தாலே பெரியப்பா எழுந்து உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். நோய் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் வராத நாட்களில் அவர் கூடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. கடைசியில் பெரியம்மாதான் ஒரு வழி செய்தார். கதவைத் திறந்ததும், வந்தவர் வாயைத் திறப்பதற்குள், ‘இதோ பாருங்க, உங்க தம்பி பையன் வந்திருக்கான்’ என்று உரக்கச் சொல்லிவிடுவார். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, ‘வாப்பா, சாப்டியா?’ என்பார். பிறகு கதவுத் தாழ்ப்பாளைக் காட்டி, ‘அது ஒரு நூல் எறங்கியிருக்கு, யாரும் கவனிக்கிறதில்ல’ என்பார். இறங்கித்தான் இருந்தது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் என்கிற உளவியலாளர், டிமென்ஷியா உள்ளவர்களைச் சுற்றியிருப்பவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்து எழுதினார். 1997 வாக்கில் அவர் தொகுத்த பட்டியலில் 17 வகை நடத்தைகள் இருக்கின்றன. குழந்தைபோல் நடத்துவது, கேலி செய்வது, அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பேசுவது, பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் இல்லாததுபோல் பேசுவது. பெரும்பாலும் இவற்றைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதையும் அவர் எழுதினார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு 79 வயது அம்மாவிடம் முதலமைச்சர் பெயரைக் கேட்கிற மகனும் கெட்டவர் இல்லை. ஆனால் எஸ்., தினமும் காலையில் எழுந்ததும் ஒருவரைத் தேர்வில் தோற்கடித்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள். நாளை முதல் அதை நிறுத்துங்கள். காப்பியைக் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையான பயிற்சி இருக்கிறது. லண்டனில் ஏமி ஸ்பெக்டரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய குழுப் பயிற்சி ஒன்று. வாரம் இரண்டு வீதம் 14 அமர்வுகள். 2003-ல் வெளியான சோதனையில் நினைவாற்றலும் கொஞ்சம் முன்னேறியது, வாழ்க்கைத் தரமும் முன்னேறியது. அதன் முக்கியமான விதிகளில் ஒன்று, தகவல் கேட்காதே, அபிப்பிராயம் கேள் என்பது. இரண்டு படங்களைக் காட்டி ‘இது யார்’ என்று கேட்க மாட்டார்கள், ‘இதில் எது உங்களுக்குப் பிடிக்கிறது’ என்பார்கள். அபிப்பிராயத்தில் தப்பான விடை கிடையாது.

வெள்ளைக்காரன் ஆய்வு நம் ஊருக்குப் பொருந்துமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். 1998-ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயரே 10/66. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்ற ஆத்திரத்தில் வைத்த பெயர். அவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்த இடங்களில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. நான் சொன்ன அந்தப் பயிற்சியையும், மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பில் தமிழ்நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இனி அந்தப் பால்கனி. கத்தரிக்காய்க்கு மூன்று முறை விலை கேட்கிறார், அநியாயம் என்கிறார். மாம்பலத்தில் கத்தரிக்காய் விலை அநியாயம்தானே ஐயா? அபிப்பிராயம் சொல்கிறார், பேரம் பேசுகிறார், தெருவில் போகிற ஒரு மனிதரோடு தினமும் உறவு வைத்திருக்கிறார். வண்டிக்காரரும் மூன்று முறையும் விலை சொல்கிறார் போலிருக்கிறது. உங்கள் கடிதத்தில் வரும் ஆட்களில் அம்மாவை அம்மாவாகவே நடத்துகிறவர் அவர் ஒருவர்தான். அவரிடம் கால் கிலோ வாங்குங்கள், பணத்தை அம்மா கையில் கொடுத்து. ‘எப்போதோ போய்விட்டார்’ என்ற வரியை மட்டும் இனி எங்கேயும் எழுதாதீர்கள், வீட்டுக்குள்ளும் சொல்லாதீர்கள். அவர் காதில் விழும்.

மையம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்த்துவிடுங்கள், உங்கள் மனைவி சொல்வது சரி. முதலில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூவரும் போய்ப் பாருங்கள். அங்கிருப்பவர்கள் அம்மாவிடம் பேசுகிறார்களா, அவரைப் பற்றி உங்களிடம் மட்டும் பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.

கடைசியாக அந்த ராத்திரி மாத்திரை. என்ன மாத்திரை என்று எழுதவில்லை. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் உயிருக்கு ஆபத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்திருக்கிறது. கத்துவதற்குக் காரணம் வலியாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். யாராவது பார்த்தார்களா? மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.