புதுக் கூண்டில் விலங்கு கண்ணில் படவில்லையா? முதலில் உட்காருங்கள்

கேள்வி: "உயிரியல் பூங்காவில் புதிதாகத் திறந்த விலங்குக் கூண்டுகளையும் பறவைக் கூடங்களையும் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். பாதிக் கூண்டுகளில் மரமும் பாறையும்தான் தெரிந்தன. கொங்குப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் அலைவது தகுமா?"

தகும். ஆனால் திறந்த முதல் வாரத்தில் போகாதீர்கள். போன இடத்தில் நடந்துகொண்டே இருக்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் நான் காசும் காலும் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டவள். நம் பக்கத்து ஆட்களுக்கு விலங்கு பார்ப்பது என்றால் கோவை வ.உ.சி. பூங்காதான். கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கோவைக்குப் போனால், பெரியவர்கள் கடையில் சேலை புரட்டும் நேரத்தில் மாமா யாராவது ஒருவர் எங்களை அங்கே ஓட்டிக்கொண்டு போவார். சிறுவர் ரயில், ஐஸ், பிறகு விலங்குகள். இரண்டு எட்டு வைத்தால் பாம்பு, இன்னும் நான்கு எட்டு வைத்தால் கூழைக்கடா, திரும்பினால் முதலை. மொத்த இடமும் ஐந்து ஏக்கருக்குள். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். ஒன்று கூடத் தப்பாது, ஏனென்றால் தப்பி ஒளிய அவற்றுக்கு இடமே கிடையாது.

2022இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அந்தப் பூங்காவுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. இடப்பற்றாக்குறை முக்கியமான காரணம். செய்தியைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என் சிறுவயதின் ஒரு மூலையை அடைத்துவிட்டது போல. ஆனால் யோசித்துப் பார்த்தால், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்ததே என்று நான் மகிழ்ந்த அதே சங்கதிதான் அதை மூடவும் வைத்தது. நம் கண் அப்படிப் பழகிய கண். புதுக் கூண்டின் முன் போய் நின்று "ஒன்றையும் காணோமே" என்று கேட்பது அந்தப் பழக்கம்தான்.

எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. 2021 டிசம்பரில் மைசூருக்குப் போனோம். அந்த ஆண்டுதான் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் பூங்காவிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு கொரில்லாக்கள் அங்கே வந்திருந்தன. அண்ணன் தம்பி. முன்பு அங்கே இருந்த போலோ என்ற கொரில்லா 2014இல் இறந்துபோனது. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கொரில்லாக்களோடு மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நான்கு ஒராங்குட்டான்களும் வந்திருந்தன. இரண்டுக்கும் புதிய அடைப்பிடங்கள். என் மகள் செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டு மூன்று மாதமாக அனத்திக்கொண்டிருந்தாள்.

கோபியில் அம்மா வீட்டில் இரவு தங்கி, விடியற்காலையில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சத்தியமங்கலம், பண்ணாரியில் ஒரு கும்பிடு, பிறகு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் சின்னவன் வாந்தி எடுத்தான், அதை விட்டுவிடுகிறேன். ஆசனூரில் பனி. டீ குடித்த இடத்தில் மகள் கேட்டாள், "அம்மாயி, இந்தக் காட்டில் புலி இருக்கிறதா?" இருக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 1,408 சதுர கிலோமீட்டர். நாங்கள் நின்ற சாலையே அதற்குள்தான் போகிறது. "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வி. என் அம்மா எழுபது ஆண்டுகளாக இந்த மலையைப் பார்த்துக்கொண்டு வாழ்பவர். "ஒருநாளும் இல்லை, சாமி. அது நம்மைப் பார்த்திருக்கும்" என்றார்.

மைசூர் பூங்கா 1892இல் தொடங்கியது. பெரிய மரங்கள், அகலமான பாதை, நல்ல நிழல். அதையெல்லாம் கவனிக்கப் பொறுமை இல்லாமல் நேரே கொரில்லாவிடம் போனோம். முகக்கவசக் காலம், கூட்டம் அப்படியும் குறையவில்லை. புல்வெளி, பாறைகள், ஏறி விளையாட மரக்கட்டைச் சட்டங்கள், நடுவில் அகழி. கொரில்லா எங்கே? ஒரு பாறைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று. முதுகு. அவ்வளவுதான். வந்தவர்கள் ஒரு நிமிடம் நின்றார்கள், கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், "தூங்குகிறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். நாங்களும் நகர்ந்திருப்போம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே உட்கார்கிறேன்" என்று அமர்ந்துவிட்டார். அவரைத் தனியாக விட மனம் இல்லாமல் நாங்களும் உட்கார்ந்தோம்.

பத்து நிமிடம் எதுவும் இல்லை. பிறகு அந்த முதுகு கொஞ்சம் திரும்பியது. இடுப்புப் பக்கம் சாம்பல் பூசியது போல வெள்ளி நிறம். வளர்ந்த ஆண் கொரில்லாவின் அடையாளம் அது, ஆகவே தாபோதான். அது தூங்கவே இல்லை. மடியில் ஒரு பிடி தழையை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு குச்சியை எடுக்கும், ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையைச் சர்ரென்று இழுக்கும், இலைகள் எல்லாம் வாய்க்குள் போய்விடும். மிஞ்சிய குச்சியை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைக்கும். வீசாது, வைக்கும். அம்மா பார்த்துக்கொண்டே இருந்து, "முருங்கைக்கீரை உருவுகிற மாதிரியே இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு என் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்கிறது என்று அங்கே நின்ற காப்பாளரிடம் கேட்டேன். கன்னடமும் தமிழும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இது: கொரில்லாக்களுக்கு நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது போல. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் முறைக்கிறார்கள், அது என்ன செய்யும், திரும்பிக்கொள்கிறது. நான் பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்தேன். பலன் இருந்ததா என்று தெரியாது. என் வீட்டுக்காரர் சிரித்ததுதான் மிச்சம்.

திறந்த வாரத்தில் ஏன் போகக்கூடாது என்பதற்கு வருகிறேன். வேறு ஊரிலிருந்து வரும் விலங்கை முதலில் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொதுவாக ஒரு மாதமளவு. பிறகு கூண்டுக்குப் பின்னால் இருக்கும் இரவுக் கூடத்தில் பழக்குவார்கள். திறந்த வெளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். திறப்பு விழா முடிந்த அடுத்த நாளும் அதற்கு அந்த இடம் அந்நிய இடம்தான். புது மருமகள் வீட்டுக்கு வந்த மறுநாளே ஊரார் திரண்டுபோய்ச் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அவள் எங்கே நிற்பாள்? கதவுக்குப் பின்னால்தான். இரண்டு மூன்று மாதம் விட்டுப் போங்கள். செடிகளும் அதற்குள் வேர் பிடித்திருக்கும்.

மாலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு மேல் நிறைய விலங்குகள் ஒரு கதவின் அருகே வந்து நின்று குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். "பாவம், விடுதலைக்கு ஏங்குகிறது" என்று நம் ஆட்கள் கண் கலங்குவார்கள். பெரும்பாலும் அது சாப்பாட்டுக்கு ஏங்குகிறது. தீனி உள்ளே, இரவுக் கூடத்தில். நாள் முழுவதும் ஒரே தடத்தில் செக்கு மாடு போல நடந்தால் மட்டும் அது கவலைப்பட வேண்டிய சங்கதி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அதே கூண்டைப் பார்த்தால் இந்த வேறுபாடு உங்களுக்கே தெரிந்துவிடும்.

பறவைக் கூடத்தில் இந்த உட்காரும் உத்தி இன்னும் நன்றாகப் பலிக்கும். மைசூர் பூங்காவை ஒட்டிய காரஞ்சி ஏரியில், நாமே உள்ளே நுழைந்து நடக்கும் பறவைக் கூடம் ஒன்று இருக்கிறது. 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரம். உயரம்தான் சிக்கல்: நண்பகல் வெயிலில் பறவைகள் எல்லாம் மேலே நிழலில் இருக்கும், நாம் கீழே வேர்வையில் இருப்போம். தண்ணீருக்கும் தீனித் தட்டுக்கும் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும். இருவாச்சி ஒன்று வந்து பழத்துண்டை எடுத்ததைப் பத்தடி தூரத்தில் பார்த்தோம். அவ்வளவு பெரிய அலகின் நுனியால் ஊசியில் நூல் கோப்பது போலப் பிடிக்கிறது. பிறகு தலையை மேலே வெட்டி, துண்டைத் தொண்டைக்குள் எறிந்துகொள்கிறது. நாக்கு அலகின் நுனி வரை எட்டாது, ஆகவே எறிந்துதான் விழுங்க வேண்டும். சின்னவன் வீடு திரும்பியதும் கடலைமிட்டாயை அப்படி விழுங்கப் போய் விக்கிக்கொண்டான்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் சேலம் குரும்பப்பட்டி இருக்கிறது. சேர்வராயன் மலையின் அடிவாரம், நகரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர், வனத்துறையின் பூங்கா. சிறு பூங்காவாக இருந்து படிப்படியாக விரிந்து வரும் இடம். மைசூரை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். மலையடிவாரத்தில் ஒரு காலைப்பொழுது என்று போனால் நிறைவு. அங்கே புள்ளிமான், கடமான், மயில் எல்லாம் பார்க்கலாம். மயிலைப் பார்க்க நாம் டிக்கெட் எடுப்பதுதான் வேடிக்கை. கோபியில் எங்கள் தோட்டத்தில் நிலக்கடலை விதைத்த மறுநாள் காலையில் பதினைந்து மயில் வரும், அதுவும் டிக்கெட் இல்லாமல். என் அப்பா மயிலைப் பற்றிப் பேசுவதை இங்கே எழுத முடியாது.

நான் அங்கே அதிக நேரம் நின்றது நீர்ப்பறவைகளிடம். மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிப்பதை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? அலகைக் கொஞ்சம் திறந்து தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கும். கண்ணால் தேடுவதே இல்லை; அலகில் ஏதாவது பட்டதும் கவ்விவிடும். இருட்டில் தொட்டுப் பார்த்துச் சுவிட்சைத் தேடுவது போல. தட்டில் கொட்டிய மீனைத் தின்பதற்கும் அது இப்படித்தான் செய்தது. கண்ணெதிரே மீன் கிடக்கிறது, இது அலகை ஆட்டிக்கொண்டிருக்கிறது. மகள் பொறுக்க மாட்டாமல், "அதோ இருக்கிறது பார், அதோ" என்று கத்தினாள்.

உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு அமராவதி அணை முதலைப் பண்ணை. புதிது அல்ல, 1970களிலிருந்து இருப்பது. சதுப்பு நில முதலைகள் வாயைத் திறந்துகொண்டு கல்லாகக் கிடக்கும். உடல் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ள அப்படித் திறந்து வைக்கிறது. பொம்மையா என்று பார்க்கக் கல் எறிகிறவர்களை அடக்குவதற்குத்தான் அங்கே ஆள் வேண்டும்.

சில்லறை விஷயங்கள். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், வாரத்தில் ஒரு நாள் மூட வேண்டும் என்பது விதி, மைசூரிலும் வண்டலூரிலும் அது செவ்வாய். குரும்பப்பட்டியும் செவ்வாயன்று மூடித்தான் இருக்கும். கண்ணாடித் தடுப்பு உள்ள கூண்டுகளைப் பார்க்க அடர்ந்த நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை போட்டால் கண்ணாடியில் உங்களைத்தான் பார்ப்பீர்கள். ஒரே நாளில் எல்லாக் கூண்டையும் பார்ப்பது என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, மூன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் கொடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர் ஒருவரை அழைத்துப்போவது உத்தமம்.

மைசூர் போனால் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. கார்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை. நாங்கள் போனது அதற்கு முன்பு. இருட்டில்தான் இறங்கினோம். வளைவுக்கு வளைவு பிள்ளைகள் இருவரும் ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு புலியைத் தேடினார்கள். பண்ணாரி வரை ஒரு முயல் கூடக் கண்ணில் படவில்லை. யாரும் டிக்கெட் காசைப் பற்றிப் பேசவில்லை.