தெளிவாகத்தான் கேட்டேன், ஏன் தகவல் தரவில்லை?

கேள்வி: "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை, சென்ற ஆண்டு வந்த நிதி என்ன ஆனது?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கு மனு போட்டேன். 'விளக்கம் கோருவது தகவல் ஆகாது' என்று ஒரே வரியில் பதில். தெளிவாகத்தானே எழுதினேன்?

பதில்: உங்களுக்குத் தெளிவு, மனுவைப் பிரித்தவருக்கு இல்லை. "எங்கள் தெரு" எந்த வார்டு? "சென்ற ஆண்டு" என்றால் உங்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர், அலுவலகத்துக்கு ஏப்ரல் முதல் மார்ச். "ஏன்" என்றாலே அவர் காதில் அது குற்றச்சாட்டு. கையில் உள்ள ஆவணத்தைத் தந்தால் போதும், கருத்து எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-ல் சொல்லிவிட்டது.

இப்படிக் கேளுங்கள்: "4-வது வார்டு, பிள்ளையார் கோயில் தெருவில் 01.04.2023 முதல் 31.03.2025 வரை நடந்த சாலைப் பணிகளின் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் (செய்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகம்), பில் நகல்கள் தேவை. பணி எதுவும் நடக்கவில்லை என்றால் அதை எழுத்தில் தெரிவிக்கவும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 'ஆவணம் இல்லை' என்று வரும். வேலையே நடக்கவில்லையா, கோப்பைத் தொலைத்துவிட்டார்களா என்று நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். கோப்பு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் மனுவை அங்கே அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

"ஏன்" என்று ஓரிடத்தில் கேட்கலாம். உங்கள் குடிநீர் இணைப்பு மனுவையோ பட்டா மாறுதல் மனுவையோ நிராகரித்திருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும்: பிரிவு 4(1)(டி). மனு எண், நிராகரித்த தேதி, இந்தப் பிரிவு மூன்றையும் எழுதுங்கள். உங்களைப் பாதித்த முடிவு ஒன்று இருக்க வேண்டும். சும்மா கிடப்பில் கிடக்கும் சாலைக்கு இது உதவாது.

தாலுகா ஆபீஸ் வாசலில் 25 கேள்வி அச்சடித்த 'ஆர்டிஐ படிவம்' விற்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அப்படிப் படிவமே கட்டாயமில்லை. வெள்ளைத்தாளும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் போதும். அவர் எழுதுவதில் முக்கால்வாசி புகார், நடுநடுவே 'ஊழல்', 'முறைகேடு'. அதைப் பார்த்ததும் உருப்படியான நாலு கேள்வியும் சேர்ந்தே அடிபடும்.

மனுதாரருக்கு உதவ வேண்டும் என்று பிரிவு 5(3) சொல்கிறது. மனுவில் போன் நம்பர் இருந்தால் எந்தத் தெரு என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஒரு வரி பதிலில் கோப்பு முடிந்துவிடுகிறதே!

பழைய மனுவை வைத்து மேல்முறையீடு என்று அலையாதீர்கள். புதிதாகப் போடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கெடு தாண்டித் தரும் நகல்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கேட்டால் கட்ட வேண்டாம். பிரிவு 7(6)-ன்படி அவை இலவசம்.