முதல் நாளே முழு பலத்தையும் காட்டாதீங்க

கேள்வி: எனக்கு 42 வயசு. பல வருஷமா உக்காந்தே பாக்குற வேலை. பிபிக்கு மாத்திரை சாப்பிடுறேன். போன மாசம் ஜிம்ல சேந்து, முதல் நாளே பக்கத்துல இருக்கறவங்க பண்ற அளவுக்கு ஸ்குவாட், லஞ்சஸ் எல்லாம் பண்ணிட்டேன். அடுத்த நாலு நாள் மாடிப்படி இறங்கவே முடியல. வீட்ல "உனக்கு இதெல்லாம் ஒத்துக்காது, விட்டுடு"ங்கறாங்க. நிஜமாவே என் உடம்புக்கு ஒத்துக்கலையா?

பதில்: ஒத்துக்கும்ங்க, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. படி "இறங்க" முடியலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே விஷயம் இருக்கு. படி இறங்கும்போதும் ஸ்குவாட்ல கீழ உக்காரும்போதும் தொடைத் தசை நீண்டுகிட்டே எடையைத் தாங்குது, பழக்கமில்லாத தசைக்கு இந்த மாதிரி வேலைதான் அதிகமா வலியைக் குடுக்கும். இது அன்னைக்கே தெரியாது, ஒண்ணுலேர்ந்து மூணு நாளுக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு தானா வடிஞ்சிடும். அதே பயிற்சியை கொஞ்ச நாள் கழிச்சு திரும்பப் பண்ணினா வலி ரொம்பக் குறைவாத்தான் இருக்கும், ஏன்னா தசை அதுக்குள்ள பழகிடுது. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் அலட்சியம் கூடாது. கடுமையான பயிற்சிக்கு அப்புறம் தசை ரொம்ப வீங்கி, சிறுநீர் அடர் பழுப்பு நிறத்துல போச்சுன்னா வலி மாத்திரையைப் போட்டுட்டுப் படுக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், தசை சிதைஞ்சு கிட்னியைப் பாதிக்குற நிலைமையா இருக்கலாம்.

நான் எல்லாருக்கும் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், இன்னும் பண்ண முடியும்னு தோணும்போதே நிறுத்திடுங்க. சில வாரத்துலயே மூச்சு வாங்குறது குறையும், தசையும் பலமாகும், உற்சாகத்துல எடையைக் கூட்டிடுவீங்க, ஆனா தசையை எலும்போட சேக்குற தசைநாண் இருக்கே அது மெதுவாத்தான் பலப்படும், மாசக்கணக்கு ஆகும். புதுசா ஆரம்பிச்சவங்க ரெண்டாவது மூணாவது மாசத்துல முட்டி வலி, குதிகால் வலின்னு வந்து நிக்கறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். உங்களால முடியும்னு மனசு சொல்றதுல பாதியைப் பண்ணுங்க.

முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, மாத்திரை சாப்பிடுறீங்க இல்லையா. மெட்டோப்ரலால், அட்டெனலால் மாதிரி மாத்திரைன்னா இதயத்துடிப்பு அவ்வளவா ஏறாது, அதனால வாட்ச்ல வர்ற நம்பரைப் பாத்துட்டு "இன்னும் வேகமா போகணும் போல"ன்னு ஓடாதீங்க. வாட்ச்சை விட உங்க பேச்சு நல்ல அளவுகோல். நடக்கும்போது பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது, அதுதான் மிதமான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒருதடவை மூச்சு வாங்குனா குறைச்சுக்குங்க.

முதல் ரெண்டு வாரம் நடை போதும். தினமும் 10 நிமிஷம், அப்புறம் 15, 20ன்னு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, கூடவே ரெண்டு நாளாவது தசைக்கான பயிற்சி, ஆனா அது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் வாரத்துக்கான கணக்கு இல்ல. ஒரேயடியா அரை மணி நேரம் கிடைக்கலன்னாலும் பரவால்ல, பிச்சுப் பிச்சு நடந்தாலும் கணக்குல சேரும்னு 2020ல வந்த அவங்க வழிகாட்டுதல்ல இருக்கு.

மூணாவது வாரத்துலேர்ந்து ஸ்குவாட்டுக்குப் பதிலா ஒரு நாற்காலி போதும். நகராத நாற்காலியா பாத்து சுவரோரமா போட்டுட்டு, கால் ரெண்டையும் தோள் அகலத்துக்கு வெச்சு மெதுவா உக்காருங்க, தொப்புனு விழக்கூடாது, மூணு எண்ணுற நேரம் எடுத்துக்குங்க. எழுந்திருக்கும்போது மூச்சை வெளிய விடுங்க. உங்களுக்கு இது ரொம்ப முக்கியம், மூச்சை அடக்கிட்டு பலம் குடுத்தா பிபி சட்டுனு எகிறும். 8 தடவை, கொஞ்சம் ரெஸ்ட், இன்னொரு 8 தடவை, வாரத்துக்கு ரெண்டு நாள். அதோட சுவர்ல கை ஊனி புஷ்அப். இது சுலபமா தெரிய ஆரம்பிச்சதும் எண்ணிக்கையைக் கூட்டலாம், ஜிம்முக்கும் தாராளமா திரும்பப் போகலாம், பக்கத்துல இருக்கறவர் எவ்வளவு தூக்குறார்னு மட்டும் பாக்காதீங்க, அவர் எத்தனை வருஷமா பண்றாரோ.

ஆரம்பிக்கும்போது அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்து உடம்பைச் சூடாக்குங்க, முடிக்கும்போதும் அதே மாதிரி. சடார்னு நின்னா ரத்தம் கால்லயே தங்கி தலை சுத்தும், சில பிபி மாத்திரைல இது இன்னும் கூடுதலா இருக்கும். நெஞ்சுல அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவுற வலி, காரணமில்லாம குப்புனு வேர்க்கறது, மயக்கம், இதுல எது வந்தாலும் அங்கயே நிறுத்திட்டு உடனே உதவி கூப்பிடுங்க, வாயுவா இருக்கும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. மூட்டுக்குள்ள குத்துற மாதிரி வலிச்சாலும் அந்தப் பயிற்சியை நிறுத்திடணும்.

நடுவுல காய்ச்சல் வந்தா பயிற்சி வேண்டாம், நல்லா சரியானதும் விட்ட இடத்துலேர்ந்து தொடங்காம பாதி அளவுலேர்ந்து தொடங்குங்க. வீட்ல சொல்றவங்களையும் அந்த சாயங்கால நடைக்குக் கூட்டிட்டுப் போங்களேன், அவங்களுக்கும் அது வேணும்.