ஏற்காட்டுக் குளிரும் கரியடுப்பும்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: ஏற்காட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

நாகலூர்: ஐயா, மார்கழியில் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கலாமா? புகையே வராத நல்ல மரக்கரிதான்.

கூடாது. புகை வந்தாலாவது கண் எரிந்து, இருமி, எழுந்துபோய்க் கதவைத் திறப்பீர்கள். கனலும் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். முழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. படுக்கும் முன் அடுப்பை வெளியே வையுங்கள். நீறு பூத்துக் கிடந்தாலும் வெளியேதான்.

செவ்வாய்ப்பேட்டை: குளிருக்கு ஒரு பெக் பிராந்தி?

வேண்டாம். தோலுக்கு ரத்தம் பாய்வதால் கதகதப்பாகத் தெரியும். உடம்புச் சூடு வெளியே போய்விடும்.

வாழவந்தி: தாத்தா காலத்திலிருந்து கணப்புப் போடுகிறோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சும்மா பயமுறுத்தாதீங்க.

தாத்தா இருந்தது ஓட்டு வீடு. ஓட்டிடுக்கு வழியாகக் காற்று போய்வரும். நீங்கள் இருப்பது தார்சு வீடு. அலுமினிய ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கையும் திணிக்கிறீர்கள். அடுப்பு அதேதான், வீடு மாறிவிட்டது.

வாழவந்தி (மறுபடியும்): ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?

குளிர் தாங்காமல் நடுராத்திரியில் யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள். உங்கள் வீட்டில் சாத்தமாட்டார்களா?

ஓமலூர்: டென்டுக்குள் பார்பிக்யூ அடுப்பு?

நாகலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அஸ்தம்பட்டி: பையன் படிக்க கனடாவிலுள்ள வின்னிபெக் போகிறான். மைனஸ் 30 வருமாம். விரல் உறைந்துபோனால் தேய்க்கலாமா?

தேய்க்கவே கூடாது, தசை சிதையும். நெருப்பிலும் காட்டக்கூடாது, மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. உடனே ஆஸ்பத்திரி போகவேண்டும். தாமதமானால், மறுபடி உறையாது என்கிற இடத்தில் மட்டும் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் காயாது, கம்பளி பனியன் எடுக்கச் சொல்லுங்கள். கார் பனியில் சிக்கினால் புகைக்குழாயை மூடிய பனியை முதலில் தள்ளிவிட்டுத்தான் இன்ஜினைப் போடவேண்டும். அங்கேயும் அதே வாயுதான்.

மஞ்சக்குட்டை: காப்பி பறிக்கப் போன அம்மா பனியில் நனைந்து, நடுங்கிக்கொண்டே வருகிறார்.

முதலில் ஈரத்துணியை மாற்றுங்கள். நெஞ்சு, வயிறு மூடும்படி போர்த்துங்கள். தெளிவாக இருந்தால் இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் நின்று உளறினால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாகலூர்: ஐயா, மரக்கரி வேண்டாம். கொட்டாங்குச்சிக் கரி?

அதுவும் கரிதான்!