பாட்டே இல்லாத பழைய படம் ஒன்று இருக்கிறது

குடியாத்தத்து வீட்டில் பொங்கலுக்கு எல்லாரும் சேர்ந்து பார்க்கக் கறுப்பு வெள்ளைப் படம் கேட்டிருக்கிறீர்கள், பாட்டு வந்தாலே பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள் என்றும் சொல்கிறீர்கள். சரி, எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) போடுங்கள். ஒரு பாட்டு கூடக் கிடையாது, படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார், அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, நம் சந்தேகமும் ஆள் மாறிக்கொண்டே போகிறது. நிழலை வைத்து விளையாடும் அந்த ஒளிப்பதிவு இன்றும் பழசாகவில்லை. கடைசியில் வரும் தேசபக்தி வசனம்தான் கொஞ்சம் நீளம்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) பாட்டு நிறைந்தது, கலர் வேறு. ஆனாலும் பாலையாவுக்கு நாகேஷ் திகில் கதை சொல்லும் இடத்தை மட்டுமாவது ஓட்டிக் காட்டுங்கள். காட்பாடியில் என் அக்கா பையன் போனைக் கீழே வைத்தது அங்கேதான்.